அறுபத்தெட்டுத் தட்டல்

இந்தக் கதை என் கண் முன்னால் நடந்ததில்லை. எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கும் பேச்சியம்மாள் அக்கா, உடைந்த கால் எலும்பு கூடி மறுபடி வேலைக்கு வந்த வாரத்தில், டீ நேரத்தில் தொடங்கி நாலு நாள் டீ நேரத்தில் சொல்லி முடித்தது. எனக்குச் சந்தேகம் வந்த இடங்களை அக்கா குடியிருக்கும் லைன் வீட்டு வரிசையில் வேறு இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டேன். கதையில் வரும் கோபிகா என்ற பெண் ஒரே ஒரு முறை என்னிடம் பேசினாள். அவள் மனதுக்குள் நடந்ததாக இங்கே வருவதெல்லாம் அன்று அவள் சொன்னது.

திருப்பூரின் கிழக்கு ஓரத்தில், ஒரு சாக்கடை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஒரே சிமெண்ட் சீட்டுக் கூரைக்கு அடியில் பதினோரு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வீடு என்றால் பத்துக்குப் பத்தில் ஓர் அறை, முன்னால் ஒரு தகரக் கதவு, பின்னால் ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். முதல் வீட்டில் கடுகு தாளித்தால் பதினோராம் வீட்டில் தும்முவார்கள். வாசலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். எந்த நேரத்தில் வரும் என்பது திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. அதனால் அந்த லைனில் ஒரு வழக்கம் இருந்தது. குழாய் சீறும் சத்தத்தை முதலில் கேட்டவர், தன் குடத்தை வைப்பதற்கு முன்னால், பதினோரு கதவையும் தட்டிக்கொண்டு ஓடவேண்டும். நேற்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் கதவானாலும் தட்டவேண்டும். தட்டுக் கேட்டவர் அடுத்த தட்டுக்குள் திறந்துவிட வேண்டும். அந்த லைனில் எழுதாத சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஐந்தாம் வீட்டில் கோபிகா, பதினோராம் வகுப்பு, அவள் அம்மா செண்பகத்தோடு இருந்தாள். செண்பகம் சிங்கர் மெஷினில் தைக்கிறவள். வீட்டில் இருந்த ஒரே போன் அவளுடையது. கம்பெனியிலிருந்து அவள் வந்ததும் அது கோபிகாவின் கைக்குப் போய்விடும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து லைனில் பாண்டீஸ்வரி இருந்தாள், அதே வகுப்பு, அதே பெஞ்சு. அவள் ஒருநாளும் கோபிகா வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. குழாயடியில் வரும்போதே "ஏ கோபி" என்று குரல் கொடுத்துக்கொண்டு, அந்தக் குரல் வந்து சேர்வதற்குள் அவளும் உள்ளே வந்து, சோற்றுச் சட்டியைத் திறந்து பார்த்துவிடுவாள்.

பள்ளி ஆண்டு விழாவில் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோவை கோபிகா போனில் ஏற்றினாள். அதற்குக் கீழே வகுப்பில் ஒருத்தி, "பக்கத்துல யாருடி, கட்டடத்துக்குக் கட்டுற திருஷ்டி பொம்மையா?" என்று எழுதினாள். அந்த வரிக்குப் பன்னிரண்டு பேர் லைக் போட்டிருந்தார்கள். கோபிகா அதை நான்கு முறை படித்தாள். ஐந்தாம் முறை படிக்கும்போது அந்தப் பன்னிரண்டு என்ற எண்தான் கண்ணுக்குத் தெரிந்தது, பாண்டியின் முகம் தெரியவில்லை, கட்டைவிரல் தானாகப் போய் அழுத்தியது. பதிமூன்று. நான் போடாமல் இருந்தாலும் பன்னிரண்டு இருக்கத்தானே செய்யும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மறுநாள் பாண்டி வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் கோபிகா அதே போட்டோவில் பாண்டியை வெட்டி எடுத்துவிட்டு, தன் பாதியை மட்டும் புதிதாக ஏற்றினாள்.

அன்று சாயங்காலம்தான் முதல் தட்டல் கேட்டது.

செண்பகம் போய்த் திறந்தாள். யாரும் இல்லை. உள்ளே வந்து அரிசியில் கை வைப்பதற்குள் இன்னொரு தட்டல், திறந்தால் வெறும் வாசல், குழாயடியில் ஒரு நாய். "எவன்டா அது, விளையாடறது?" என்று அவள் தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டாள். நான்காவது தட்டலின்போது கோபிகா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் பாதிப் போட்டோவுக்கு லைக் மூன்று நான்கானது. ஐந்தாவது தட்டலுக்கு நான்கு ஐந்தானது. அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரு வருடமாக அந்தத் தட்டல் அவள் தலைக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு லைக்குக்கும் காதுக்குப் பின்னால் எங்கோ ஒரு கதவு திறந்து, வெதுவெதுப்பாக எதுவோ உள்ளே வரும், வந்த வேகத்தில் போய்விடும், அடுத்தது எப்போது என்று அந்த இடம் காலியாகக் காத்திருக்கும். அம்மாவுக்கும் அது கேட்கிறது என்பதுதான் அவளுக்குப் புதிது.

"அம்மா, அது எனக்குத்தான்," என்றாள். "நீ அரிசியைப் பாரு."

ஒரு வாரத்தில் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. லைனின் சொந்தக்காரி, எல்லோருக்கும் ஓனரம்மா, கேட் பக்கத்தில் மாவு விற்கிறவள், ஒரு ஸ்பேனரோடு வந்து கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்தாள், கதவைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பார்த்தாள், கதவு தட்டிக்கொண்டேதான் இருந்தது. "கதவு நல்லாத்தானுங்கண்ணு இருக்குது, உம்பட போட்டோவும் நல்லாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு மாவுக்குப் போய்விட்டாள். நான்காம் வீட்டுக் குமரேசன் இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவர் வந்து கையைக் கட்டிக்கொண்டு, "பாப்பா, லீவு நாள்ல பகல்ல போட்டோ போடாத. நான் எந்திரிச்சு அஞ்சு மணிக்கு டீ குடிச்ச பொறவு போடு," என்று கேட்டுக்கொண்டார். ஏழாம் வீட்டுக் கைக்குழந்தை அந்தச் சத்தத்துக்குப் பழகி, அது இல்லாமல் தூங்க மறுத்தது. அதன் அம்மா ஜன்னல் வழியாக, "கோபி, ஒண்ணே ஒண்ணு போடேன், பழசா இருந்தாலும் பரவால்ல" என்பாள். நாய் குரைப்பதை விட்டது. கூரியர்காரர் தட்டுவதை விட்டுப் பெயர் சொல்லிக் கத்தப் பழகினார். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், "அது ஒண்ணுமில்ல, எங்க லைன் புள்ளைக்கு லைக் வருது" என்று சொல்லிவிட்டுக் காபியை ஆற்றினார்கள்.

ஆறாம் வீட்டில் பேச்சியம்மாள் குழாயடியில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். இருபத்திரண்டு வருடம் பீஸ் எண்ணியவள். எது திரும்பத் திரும்ப வந்தாலும் எண்ணாமல் இருக்க அவளால் முடியாது. தையல் சாக்பீஸை எடுத்து, கட்டிலை ஒட்டிய சுவரில், நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, நாளுக்கு ஒரு வரிசையாகக் குறித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் கோபிகா. "ஏத்தா, இன்னைக்கு நாப்பத்தொண்ணு" என்று சுவர் வழியாகக் கத்துவாள். கோபிகா போனைப் பார்ப்பாள். நாற்பத்தொன்று இருக்கும். ஒருநாளும் பிசகியதில்லை.

நாற்பத்தொன்று வரும்போது எல்லோருக்கும் கேட்பதைப் போலவே, ஒன்பது வரும்போதும் எல்லோருக்கும் கேட்டது. முன்பெல்லாம் போட்டோவுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் அது அவளுக்கும் போனுக்கும் நடுவில் இருந்த சங்கதி. இப்போது கதவு சும்மா இருந்தால் லைனே சும்மா இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவர்கள் ஒரு நிமிடம் நின்று கேட்டார்கள். "என்ன கோபி, இன்னைக்கு ஒம்பதோட நின்னுருச்சா? அந்த நீலச் சுடிதாரைப் போட்டு எடுத்திருக்கலாம்ல" என்று இரக்கத்தோடு கேட்டார்கள். அம்மா கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, குழம்பைக் கிண்டாமல், கதவையே பார்த்துக்கொண்டு நிற்பதை கோபிகா ஒருநாள் பார்த்தாள். அந்த நாளிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஏற்றியதை அழித்தாள், வெளிச்சத்தை மாற்றி மறுபடி ஏற்றினாள், ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவில் நகத்தைக் கடித்தாள், அதுவும் தீர்ந்தபின் நகத்தைச் சுற்றியிருந்த தோலைக் கடித்தாள்.

இதெல்லாம் எதற்கு என்று அவளுக்குத் தெரியும். நூறு பேர் தட்டினாலும், ஒவ்வொரு முறையும் பெயர் வரிசையில் அவள் முதலில் தேடுவது பாண்டீஸ்வரியின் பெயரை. அது இருக்காது. நேரில் போய்ப் பேசலாம். வாய்க்காலைத் தாண்டினால் இரண்டு நிமிடம். ஆனால் போய் என்ன சொல்வது? அவள் ஒரு லைக் போட்டால் போதும், கோபம் ஆறிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். அப்படித்தான் கோபிகா நினைத்தாள். பாண்டியின் ஒரு தட்டல் வருவதற்காகத்தான் மற்ற அத்தனை தட்டலையும் அவள் வரவழைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவில் ஒரு வியாழக்கிழமை தண்ணீர் வந்தது. இரண்டாம் வீட்டுக்காரி வழக்கப்படி எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டு ஓடினாள். ஒருவரும் திறக்கவில்லை. "இன்னைக்குப் புள்ளைக்கு லைக்கு நல்லா வருது போல" என்று எல்லோரும் உள்ளேயே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு நாள் தண்ணீர் சாக்கடையில் போனது. அன்று சாயங்காலம் குழாயடியில் கூடி, கோபிகாவை ஒரு வார்த்தையும் சொல்லாமல், இனிமேல் தண்ணீர் வந்தால் தட்டில் கரண்டியால் அடிப்பது என்று முடிவு செய்தார்கள். பேச்சியம்மாள் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "நாங்க சட்டத்த மாத்துனோமே ஒழிய, புள்ளைய ஒண்ணும் கேக்கல. அது எங்க தப்புதான்" என்றாள்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. கறி சமைத்துச் சாப்பிட்டுவிட்டு லைன் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. செண்பகம் ஃபேனுக்கு அடியில் வாயைத் திறந்தபடி தூங்கினாள். கோபிகா மஞ்சள் தாவணி கட்டி, வாய்க்கால் பாலத்தில் ஆடி எடுத்த பதினைந்து நொடி வீடியோவை இரண்டு மணிக்கு ஏற்றினாள். கதவு அதிர்ந்தது. இருபது, முப்பது, சீட்டுக் கூரையில் ஆலங்கட்டி விழுவதைப் போல நாற்பது, ஐம்பது. பெயர்களைப் பார்த்தாள், பாண்டி இல்லை. நான்கு மணி வாக்கில் வேகம் குறைந்து அறுபத்தொன்றில் நின்றது. அவள் போனை உதறினாள், திரையைக் கீழே இழுத்து விட்டாள், மறுபடி இழுத்து விட்டாள்.

அப்போது இரண்டு தட்டல் கேட்டது. போனைப் பார்த்தாள், அறுபத்தொன்று. கொஞ்சம் விட்டு இன்னும் இரண்டு. அறுபத்தொன்று. நெட் சுற்றுகிறது என்று நினைத்தாள். சிக்னல் பின்பக்கம்தான் நன்றாக வரும் என்பதால், எழுந்து போய், கதவுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், கதவு மறுபடி இரண்டு முறை தட்டியது. அவள் கையை இன்னும் நீட்டினாள், குதிகாலைத் தூக்கினாள். அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒன்று, மிக மெதுவாக. அதோடு நின்றுவிட்டது.

"ஏத்தா," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சியம்மாள் கத்தினாள், "அறுபத்தெட்டு. இது வரைக்கும் இதுதான் ஜாஸ்தி."

கோபிகா மறுபடி போனைப் பார்த்தாள். போனில் அறுபத்தொன்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் ஏழு இன்னும் வந்து சேரவில்லை. அந்த ஏழில் ஒன்று பாண்டியாக இருக்கலாம். ஐந்து மணிக்குப் பார்த்தாள், ஆறு மணிக்குப் பார்த்தாள், சோற்றில் கை வைத்தபடி பார்த்தாள். ஏழு மணிக்குச் செண்பகம் போனைப் பிடுங்கி அணைத்துத் தன் கம்பெனிப் பைக்குள் போட்டு, பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள். "எனக்குக் குழம்பு அடிப்பிடிக்குது, உனக்குச் சோறு எறங்கல. நாளைக்குச் சாயங்காலம் பாத்துக்கலாம், போ."

திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு ஒரே ஒரு தட்டல் கேட்டது. லைன் அரைத் தூக்கத்தில் பழைய வழக்கத்தில் குடத்தோடு எழுந்து வந்தது. குழாய் காய்ந்து கிடந்தது. "இந்த நேரத்துல எவன்டா லைக்கு போடறவன்" என்றார், அப்போதுதான் ஷிப்டு முடித்து வந்த குமரேசன். எல்லோரும் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். பேச்சியம்மாள் மட்டும் படுத்தபடியே சாக்பீஸை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரிசைக்குப் பக்கத்தில், தனியாக ஒரு கோடு போட்டாள்.

அன்று வகுப்பில் பாண்டியின் இடம் காலியாக இருந்தது. டீச்சர் வருகைப் பதிவில் அந்தப் பெயரைக் கூப்பிடாமல் தாண்டினார். கோபிகா எழுந்து கேட்டாள்.

"அவ டிசி வெள்ளிக்கிழமையே வாங்கியாச்சு. வேடசந்தூர் பக்கம் ஏதோ மில்லுல சேக்கறாங்களாம், ஆஸ்டல்லயே தங்கி," என்றார் டீச்சர். "நீங்க ரெண்டு பேரும்தான ஒட்டிக்கிட்டே திரிவீங்க. உனக்குத் தெரியாதா?"

சாயங்காலம் அவள் கேட்டுக்குள் நுழையும்போது, ஓனரம்மா மாவுக் கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டிக்கொண்டே, "ஏங்கண்ணு, நேத்து வந்துச்சே உம்பட சிநேகிதி, பெரிய பையத் தூக்கிட்டு, ஊருக்குப் போகுதா?" என்று கேட்டாள்.

"எப்ப?"

"நாலு மணி இருக்கும். உள்ள போச்சு, கொஞ்ச நேரங்கழிச்சுக் கண்ணத் தொடச்சுட்டே வந்துச்சு. பேசி முடிச்சுட்டீங்கன்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன்."

கோபிகா தன் வீட்டுக்குப் போகவில்லை. ஆறாம் வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் முன்னால் நின்றாள்.

"பேச்சிக்கா, நேத்து எத்தன?"

"அதான் சொன்னேனே, அறுபத்தெட்டு."

"தப்பா எண்ணியிருப்பீங்க."

"இருபத்திரண்டு வருசத்துல ஒரு பீஸ் விட்டதில்ல நான்."

"அறுபத்தொண்ணுதான் வந்துச்சு அக்கா. போன்ல இருக்கு. நல்லா நெனச்சுப் பாருங்க. கூட எண்ணியிருப்பீங்க."

பேச்சியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். தப்பாக எண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்ல வரவில்லை. "கடைசி ஏழும் வேற மாதிரி இருந்துச்சு," என்றாள் மெல்ல. "மத்ததெல்லாம் தகரத்துல விழற மாதிரி இருக்கும். அது வெரல் எலும்புல தட்டற மாதிரி. ரெண்டு, ரெண்டு, ரெண்டு, அப்பறம் ஒண்ணு. எனக்குக் கால் மட்டும் நல்லா இருந்திருந்தா எந்திரிச்சுப் பாத்திருப்பேன்."

ஒருநாளும் தட்டாதவள், உள்ளே வர உரிமை இல்லாதவளைப் போல, வெளியே நின்று ஏழு முறை தட்டியிருக்கிறாள். கோபிகா அழவில்லை என்றாள் பேச்சியம்மாள். சுவரில் அந்தக் கடைசி ஏழு கோடுகள் மேல் விரலை வைத்து, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று நகர்த்தினாள். பக்கத்தில் தனியாக இருந்த கோட்டை அவள் பார்க்கவில்லை. பேச்சியம்மாளுக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

அன்றைக்கு அம்மா பையிலிருந்து போனை எடுத்து நீட்டியபோது கோபிகா வாங்கிக்கொள்ளவில்லை. பழைய படங்களுக்கு இன்னும் இரண்டொரு தட்டல்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். புத்தகத்தை விட்டு எழுந்தாள், சோற்றை விட்டு எழுந்தாள், தலையில் சோப்போடு எழுந்து வந்தாள். ஒவ்வொரு முறையும் வெறும் வாசல், குழாய், நாய். "யாரும் இல்லேன்னு தெரியுதுல்ல, எதுக்குத் தெறக்கற?" என்று செண்பகம் கேட்டதற்கு, "இருந்தா?" என்றாள். பத்து நாளில் தட்டல் நின்றுபோனது. ஏழாம் வீட்டுக் குழந்தை மூன்று இரவு அழுதுவிட்டு, அழுகையிலேயே தூங்கப் பழகியது. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது யாரும் தட்டைத் தேடவில்லை. கோபிகாதான் முதலில் கேட்டு, பதினோரு கதவையும் கையால் தட்டிக்கொண்டு ஓடினாள். எல்லாக் கதவும் அடுத்த தட்டுக்குள் திறந்தன.

அந்த மில்லின் ஆஸ்டலில் பெண்கள் போன் வைத்திருக்க அனுமதி இல்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மில் கேட்டிலேயே அவள் போனை வாங்கி வைத்துவிட்டார்கள் என்று பாண்டியின் அம்மா செண்பகத்திடம் சொல்லியிருக்கிறாள். கோபிகா அந்த வீடியோவை அழிக்கவும் இல்லை, அதற்குப் பிறகு திறந்து பார்க்கவும் இல்லை. என்னிடமும் அவள், "அதுல அறுபத்தொண்ணுதான் அக்கா, அதுல அவ இல்ல" என்றுதான் சொன்னாள்.

கோபிகா படம் ஏற்றும் அந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கக்கூடியது. பேச்சியம்மாள் சுவரில் போட்டிருந்த அந்தத் தனிக் கோடு என் மனதை விட்டுப் போகாததால், போன வாரம் பஸ்ஸில் நின்றபடி தேடிப் பார்த்தேன். மஞ்சள் தாவணி வீடியோவுக்குக் கீழே இருந்த எண் அறுபத்திரண்டு. பெயர் வரிசையில் பாண்டீஸ்வரி இருந்தாள்.